பசி மயக்கம் என்று எழுதினேன்

அக்கா,

முந்தாநாள் அஞ்சலை முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். குவார்ட்டர்ஸ் கொல்லையில் நீ நட்ட முருங்கையின் வம்சம்தான் அது. வெட்டி நட்ட ஒரு போத்து இன்னொரு போத்தாகி, அது இன்னொன்றாகி, இப்போது இந்த வடக்குத்து ஊரில் உன் மகள் அஞ்சலை வீட்டு வாசலில் நிற்கிறது. முறத்தில் கொட்டி உருவ உட்கார்ந்தேன். கொத்துக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று கிளம்பி என் சுண்டுவிரலில் ஏறியது. கட்டெறும்பு. எண்பத்தைந்து வயதில் முறத்தை வீசிவிட்டு நான் எழுந்த எழுச்சியைப் பார்த்திருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

அஞ்சலை சிரிக்கவில்லை. ஒரு இணுக்கைக் கிள்ளி, அதில் எறும்பை ஏற விட்டு, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் உதறிவிட்டு வந்தாள். சிதறின கீரையைக் கூட்டி அள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னிக்கு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தா எங்கம்மா பொழச்சிருக்கும், இல்லீங்களா நர்ஸம்மா? பத்து வயசுப் புத்தி. தப்பான பக்கம் ஓடிட்டேன்."

அவளே இப்போது எழுபதைத் தாண்டிய கிழவி. இத்தனை வருடத்தில் இந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கீரை முத்தலா இருக்கே, அஞ்சல" என்றேன். அவள் போனபிறகு அடுப்பு பற்றவைக்கவே மனம் வரவில்லை. தப்பான பக்கம் ஓடியது அவள் கால்தான். ஆனால் ஓடச் சொன்ன வாய் யாருடையது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லாமல் அறுபது வருடம் ஓட்டிவிட்டேன். அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கீரை கொண்டுவந்து கொடுக்கிறாள், நான் வாங்கிச் சமைத்துத் தின்கிறேன். இந்தக் கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் நெய்வேலிக்கு வந்தபோது ஊர் பாதிதான் எழும்பியிருந்தது. செம்மண்ணில் கோடு கிழித்த மாதிரி தெருக்கள், ஒரே அச்சில் வீடுகள், சுரங்கத்துக்குப் போகிற பஸ்ஸில் ஷிப்டுக்கு ஷிப்டு கூட்டம். நிழல் மட்டும் இல்லை. தெருவோரமெல்லாம் மூங்கில் கூண்டுக்குள் விரல் தண்டிக்குக் கன்றுகள். அந்தக் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்த கான்ட்ராக்ட் பெண்களில் நீ ஒருத்தி. எங்கள் பிளாக் டிஸ்பென்சரி வாசல் குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வருவீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயது நர்ஸ். வெள்ளைச் சேலை, தலை கொள்ளாத கர்வம்.

"நர்ஸம்மா, நீங்க பேசறது தமிழுதானுங்களா?" என்று முதல் நாளே கேட்டாய். நான் விடுவேனா? "நீ வூடு வூடுங்கியே, அது என்ன பாஷை?" என்றேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. அதிலிருந்து தினமும் ஒரு வாய் பேசாமல் நீ குழாயடியை விட்டுப் போனதில்லை. உன் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போனது, நீயும் மகளும் வடக்குத்தில் அண்ணன் வீட்டுக் கூரைக்குக் கீழே ஒண்டிக்கொண்டிருந்தது, அண்ணி தண்ணீர்ப் பானையைத் தொட்டதற்கும் உன்னைத் திட்டியது எல்லாம் அந்தக் குழாயடியில்தான் கேட்டேன். நீ என்னைவிட ஆறு வயது மூத்தவள். நான் உன்னை அக்கா என்றேன், ஆனால் நீ, வா, போ என்றேன். நீ கடைசிவரைக்கும் என்னை நீங்க, வாங்க, போங்க என்றாய். அதில் ஏதோ கோணல் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

உனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பர்மனென்ட். தோட்ட வேலைக்குக் கொஞ்சம் பெண்களைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்ததிலிருந்து உனக்கு வேறு நினைப்பில்லை. பர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் வந்தால் உனக்கென்று ஒரு கதவு, ஒரு குழாய், அஞ்சலைக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். "கதவ சாத்திகினு ஒரு நாளு தூங்கணுங்க நர்ஸம்மா, அவ்ளோதான்" என்பாய்.

அந்தச் சமயத்தில்தான் அது வந்தது. பங்குனி வெயில். பகல் சாப்பாடு முடிந்து நான் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தேன். நாலு பெண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் கிடத்தினார்கள். உன் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உதடு இரண்டும் வீங்கி, கண் மூடி, கழுத்திலிருந்து கால்வரை தடிப்புத் தடிப்பாக. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. நாடி நூலாக இருந்தது. டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். கம்பவுண்டர் அலர்ஜிக்கு இருந்த ஊசியை எடுத்துக் கொடுத்தார், போட்டேன், காலைத் தூக்கி வைத்தேன். உன் நல்ல காலம், ஒரு மணி நேரத்தில் கண் திறந்தாய்.

"இன்னா கடிச்சுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரே ஒரு கட்டெறும்புதான். கன்னு அடியில புல்லு புடுங்கினேன், கால்ல சுருக்குன்னுச்சு" என்றாய். குரல் கம்மிப் போயிருந்தது.

யாரும் நம்பவில்லை. எறும்பு கடித்து யாராவது விழுவார்களா? இது காணாக்கடி என்றாள் ஒருத்தி. எது கடித்தது என்று தெரியாமல் உடம்பு தடித்தால் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு முந்தின வருடமும் உனக்கு இப்படித் தடித்தது. வடக்குத்தில் ஒரு பெரியவர் மந்திரித்துப் பார்வை பார்த்து, வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுத்து, உப்பு புளி தள்ளி வைக்கச் சொல்லி, மூன்றாம் நாள் சரியாயிற்று. தானாக அடங்கியதை அவர் அடக்கினார் என்று நீங்கள் எல்லாரும் நம்பினீர்கள்.

வாசலில் நின்ற மேஸ்திரி மட்டும் வேறு சொன்னார். "கை காலெல்லாம் இழுத்துச்சே, நான் பாத்தேன். இது காக்காவலிப்பு. வலிப்புக்காரிக்கு எங்க பர்மனென்ட் குடுப்பாங்க? எழுதி வுட்டுட்டா கான்ட்ராக்டும் போச்சு."

அவர் போனதும் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் கை ஜில்லென்று இருந்தது. "வலிப்புன்னு எழுதிடாதீங்க நர்ஸம்மா. உங்கள சாமியா நெனச்சிக் கேக்கறேன்."

வலிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கலாம், எறும்பு கடித்தது, உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்று. ஆனால் மறுநாள் டாக்டர் அதைப் படித்தால் கேள்வி கேட்பார், மேஸ்திரியைக் கூப்பிடுவார், மேஸ்திரி வலிப்பு என்பார் என்று என் குட்டிமூளை கணக்குப் போட்டது. பேனாவை எடுத்து ஓ.பி. நோட்டில் உன் பெயருக்கு நேரே 'பசி மயக்கம்' என்று எழுதினேன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்தக் கான்ட்ராக்ட் கூட்டத்தில் வாரத்துக்கு இரண்டு பேராவது பசி மயக்கத்தில் வருவார்கள். ஊசியை எதற்குப் போட்டேன் என்பதையும் எழுதவில்லை. கம்பவுண்டர் பார்த்தார், கண்டுகொள்ளவில்லை. உனக்கு ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்ட பெருமையோடு அன்று சாயந்தரம் நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் போனேன்.

மறுவாரம் நீ குழாயடியில் உட்கார்ந்து காப்பி குடித்தாய். டம்ளரில் ஒரு சின்ன எறும்பு மிதந்தது. "எறும்பு தின்னா கண்ணு நல்லாத் தெரியும்னு எங்க ஊருல சொல்லுவாவ" என்றேன். "எங்க ஊர்லயும் அதானுங்க சொல்றாங்க. கடிச்சா இன்னா தெரியும்னுதான் யாருமே சொல்லல" என்று விரலால் அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தாய். இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமாகத்தான் அது இருந்தது.

பர்மனென்ட்டுக்கான மெடிக்கல் நடந்த அன்று நான்தான் டாக்டர் பக்கத்தில் நின்றேன். எடை போட்டது நான், உன் கீழ் இமையை இழுத்துக் காட்டியது நான். "மயக்கம், வலிப்பு எதாவது வந்ததுண்டா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க" என்றாய். அவர் பழைய நோட்டைப் புரட்டினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. "இது என்ன, பசி மயக்கம்னு இருக்கு?" என்று என்னைப் பார்த்தார். நல்ல மனுஷர், கோபித்தே பார்த்ததில்லை. அப்போது வாயைத் திறந்திருக்கலாம். "காலைல சாப்பிடாம வந்திருக்காவ டாக்டர், இப்பம் ஒண்ணுமில்ல" என்றேன். அவர் உன்னைப் பார்த்து, "சாப்பிட்டுட்டு வேலைக்கு வாம்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

உன் குவார்ட்டர்ஸில் பால் காய்ச்சின அன்று நீ கதவைச் சாத்திச் சாத்தித் திறந்து காட்டினாய். உள் தாழ்ப்பாள், வெளித் தாழ்ப்பாள், கொல்லைக் கதவு. அண்ணன் வீட்டிலிருந்து எடுத்து வந்த முருங்கைப் போத்தைக் கொல்லையில் ஊன்றி, மேலே சாணி உருண்டை வைத்தாய். அஞ்சலை புதுப் பாவாடையில் உன் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"அக்கா, ஆறு மாசம் கழிச்சுத்தான் கன்ஃபர்ம் பண்ணுவாவ. அதுவரைக்கும் திரும்ப எறும்பு கிறும்பு கடிச்சுத் தடிச்சா டிஸ்பென்சரி பக்கம் வந்துராத, கேட்டியா? நோட்டுல ரெண்டாந் தடவ மயக்கம்னு ஏறிச்சுன்னா டாக்டர் தோண்டித் துருவிருவாரு. வீட்டுலயே படுத்துக்கோ. ரொம்ப முடியலன்னா உங்க பெரியவரையே கூப்பிட்டுப் பார்வை பாத்துக்கோ."

படித்த நர்ஸ் சொன்ன பேச்சு இது. நீ உடனே அஞ்சலையின் தோளைத் தட்டினாய். "கேட்டுகினியா? நர்ஸம்மா சொல்றாங்க பாரு. அம்மாவுக்கு எதுனா ஆச்சுன்னா வடக்குத்துக்கு ஓடணும், ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது." அவள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினாள். நான் சொன்னால் உனக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அதுதான் எனக்குப் பிடித்தும் இருந்தது.

ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். முருங்கை தழைத்துப் போயிருந்தது. அடியில் சருகு சேர்ந்துவிட்டது என்று நீ கூட்டி அள்ளப் போனாய். அடியில் எறும்பு கூடு வைத்திருந்தது உனக்குத் தெரியவில்லை. காலில் இரண்டு, முழங்கையில் ஒன்று. வீட்டுக்குள் நடந்து வந்து பாயை விரித்துப் படுத்து, "ஓடு, பெரியவர இட்டுகினு வா" என்று அஞ்சலையை அனுப்பியிருக்கிறாய். அவள் வடக்குத்துக்கு ஓடினாள். அந்த வழி எங்கள் டிஸ்பென்சரி ஓரமாகத்தான் போகிறது. அன்றைக்கு எனக்கு டூட்டி. உன் வீட்டிலிருந்து நான் இருந்த இடத்துக்கு மூன்று தெரு.

பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். சைக்கிளில் வந்து உன்னைப் பார்த்தவுடனேயே, "இது என் கையில இல்ல தாயி, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க" என்று சத்தம் போட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அதற்குள் முக்கால் மணி போய்விட்டது. உன் நாக்கு வாய்க்குள் அடங்கவில்லை. கையில் நாடி கிடைக்கவில்லை. கம்பவுண்டர் டாக்டர் வீட்டுக்கு ஓடினார். நான் இருந்த ஊசியைப் போட்டேன், நெஞ்சை அமுக்கினேன், உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். டாக்டர் லுங்கியோடு வந்து அவர் பையிலிருந்து இன்னொரு ஊசியும் போட்டார். நீ அதற்கு முன்பே போய்விட்டாய் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கை கழுவிக்கொண்டே கேட்டார்: "இவங்களுக்கு முன்னாடி எறும்பு கடிச்சு இப்படி வந்திருக்கா சிஸ்டர்?"

"தெரியாது டாக்டர்" என்றேன். உன் உடம்பு ஆறுவதற்குள் அந்தப் பொய்யையும் சொன்னேன்.

"வந்திருக்கும். சில உடம்பு இப்படி. ஒவ்வொரு கடிக்கும் முந்தினதைவிட மோசமாகும். தெரிஞ்சிருந்தா மருந்து கையோட வெச்சிருக்கச் சொல்லியிருக்கலாம், கடிச்சவுடனே தூக்கிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கலாம். மண்ணுல குனியாத வேலையா மாத்திக் கொடுக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்திருப்பேன். வலிப்புன்னு நெனச்சுப் பயந்தாங்களோ என்னமோ. இதுக்காக யாரையாவது அன்ஃபிட் போடுவேனா நான்?"

நாம் பயந்ததற்கு ஆதாரமே இல்லையா அக்கா? ஒரு வார்த்தை நிஜத்தை எழுதியிருந்தால் உனக்கு வேலையும் இருந்திருக்கும், கதவும் இருந்திருக்கும், நீயும் இருந்திருப்பாய். மேஸ்திரி வாய்க்கு வந்ததைச் சொன்னார். நான் அதை நம்பி உன்னைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று முடித்துவிட்டேன்.

அஞ்சலையைக் குறிஞ்சிப்பாடியில் உன் தங்கை வளர்த்தாள். லீவு கிடைத்தபோதெல்லாம் பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். "எங்கக்கா மேல எவ்ளோ பாசம் பாரு" என்று உன் தங்கை எல்லாரிடமும் சொல்வாள். நான் தலையைக் குனிந்துகொள்வேன், அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். தலைவலி என்று வந்தாலும் சரி, பிரசவம் என்று வந்தாலும் சரி, "எறும்பு, குளவி கடிச்சுத் தடிச்சதுண்டா?" என்று கேட்காமல் விட்டதில்லை. 'எறும்பு சிஸ்டர்' என்று எனக்குப் பின்னால் பெயர் வைத்தார்கள். இரண்டு பேருக்கு அந்தக் கேள்வியால் உயிர் தங்கியது. ஒருத்தி பூ வாங்கிக்கொண்டு வந்து காலில் விழுந்தாள். எனக்கு அவள்மேல் எரிச்சல்தான் வந்தது. யாருக்குச் சேரவேண்டிய நன்றி அது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஓய்வுபெற்ற பிறகு ஊருக்குப் போகாமல் வடக்குத்திலேயே இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டேன். அஞ்சலையும் கல்யாணமாகி இங்கேயே வந்துவிட்டாள். ஒரு தெரு தள்ளி இருக்கிறாள். தினம் அவளைப் பார்க்கிற தூரத்தில் இருந்துகொண்டு, தினம் சொல்லாமல் இருந்தேன்.

முந்தாநாள் அவள் அப்படிச் சொல்லிவிட்டுப் போனாளே, இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. இன்று காலை கம்பை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் முருங்கைக்குக் கீழே நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு கீரைக்கும் முட்டிவலிக்கும் போய்விடும்.

"அஞ்சல, நீ தப்பான பக்கம் ஓடல. ஆஸ்பத்திரிக்கு வராதன்னு உங்கம்மாகிட்டச் சொன்னது நான். எறும்பு கடிச்சதப் பசி மயக்கம்னு நோட்டுல எழுதுனதும் நான். உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள். தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"நோட்டுல எழுதினது தெரியாதுங்க. நீங்க சொன்னது தெரியுமுங்க நர்ஸம்மா. அம்மா மடிய ஒட்டிதான உக்காந்துகினு இருந்தேன்."

"சின்னப் புள்ள, மறந்திருப்பன்னுல்லா நெனச்சேன். தெரிஞ்சுமா இத்தன வருஷம் சொல்லாம இருந்த?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது? எங்களுக்கு நல்லது ஆவணும்னுதான சொன்னீங்க." சேலைத் தலைப்பால் கணுக்காலைத் துடைத்துக்கொண்டாள். "எம் மனசுல இருக்கறது வேறங்க. அன்னிக்கு ஓடறப்போ டிஸ்பென்சரி ஜன்னல் தொறந்து கெடந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் திரும்பிகினு ஊசி கொதிக்க வெச்சிகினு இருந்தீங்க. ஜன்னல் கம்பியப் புடிச்சிகினு நின்னேன். நர்ஸம்மான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. வரக்கூடாதுன்னு சொன்னாங்களே, வந்தா திட்டுவாங்களேன்னு நெனச்சி ஓடிட்டேன். கூப்பிட்டு இருந்தா திரும்பி இருப்பீங்க இல்ல? அதத்தான் முந்தாநாளு கீர கொண்டாந்தப்போ உங்ககிட்ட சொல்ல வந்தேன்."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன் அக்கா. அவளிடம் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனேன். சொல்லியும் ஆயிற்று, அவள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. வரும்போது இன்னொரு கட்டு கீரை வேறு கொடுத்தனுப்பினாள், நன்றாக உதறிப் பார்த்துவிட்டு.

நோட்டில் எழுதியது, டாக்டரிடம் சொன்ன பொய் எல்லாம் பழகிப்போன சுமை. இன்று புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்த ஜன்னல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, பச்சைக் கம்பி, கீழ்க் கம்பி கொஞ்சம் வளைந்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு உன் பிள்ளை மூச்சிரைக்க நின்றிருக்கிறாள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.